ஒழுகும் இடம் ஒன்று, தண்ணீர் புகும் இடம் வேறு: பழைய மோட்டார் படகு வாங்குவோர் கவனத்திற்கு

பாவித்த வாகனம் ஒன்றை வாங்கச் செல்பவர் முதலில் எஞ்சினைத் திறந்து பார்ப்பார். சேஸ் இலக்கத்தைச் சரிபார்ப்பார். அனுபவம் உள்ளவராயின் தரைவிரிப்பைத் தூக்கி, அதன் கீழே துரு பிடித்திருக்கிறதா என்றும் பார்ப்பார். வெளியே பூசிய புது வர்ணத்தை நம்பி இலட்சக்கணக்கில் பணம் கொடுக்க எந்த வியாபாரியும் துணிய மாட்டார். பழைய மோட்டார் சொகுசுப் படகொன்றை வாங்க எண்ணுபவருக்கும் இதே விதிதான். ஆனால் அங்கே தூக்கிப் பார்க்க வேண்டியது தரைவிரிப்பை அல்ல. மேல்தளத்தில் விழும் மழைத்தண்ணீரை வெளியே கொண்டு செல்லும் சிறிய வடிகால்களைத்தான் பார்க்க வேண்டும்.

உள்ளங்கை அளவுகூட இல்லாத இந்த வடிகால்களைப் பற்றி விற்பவரும் பேசுவதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. எஞ்சின் பழுதானால் சத்தத்தில் தெரிந்துவிடும். வடிகால் ஒழுகினால் பல வருடங்களுக்கு எவருக்கும் தெரியாது. தெரிய வரும்போது எண்ணெய்த் தாங்கி துருப்பிடித்திருக்கும், அல்லது தளத்தின் உள்ளே இருக்கும் மரம் உக்கிப் போயிருக்கும். இந்த ஒழுக்கை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது, எப்படித் திருத்துவது, அது படகின் விலையை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பவற்றை இவ்வாரம் பார்ப்போம்.

எந்தப் படகுகள் இவை?

1960களிலிருந்து 1980கள் வரை ஹொங்கொங், சிங்கப்பூர், தாய்வான் ஆகிய இடங்களிலுள்ள படகுக் கட்டுமானத் தளங்கள், பெரும்பாலும் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காக டீசல் எஞ்சின் பூட்டிய மோட்டார் படகுகளைக் கட்டி அனுப்பின. மீன்பிடிக் கப்பலின் தோற்றத்தில், மெதுவாக ஓடி, எரிபொருளைச் சிக்கனமாகச் செலவழிக்கும் இப்படகுகளை 'ட்ரோலர்' பாணிப் படகுகள் என்பார்கள். 1956இல் ஹொங்கொங்கில் தொடங்கப்பட்ட அமெரிக்கன் மரைன் நிறுவனம் 1968இல் சிங்கப்பூரிலும் தளம் அமைத்தது. மரத்தில் கட்டி வந்த தனது 'கிராண்ட் பாங்ஸ்' படகுகளை 1973இல் கண்ணாடியிழைக்கு மாற்றியது. தாய்வானின் பல தளங்களும் இதே பாணியில் இறங்கின.

அக்காலத்தில் கண்ணாடியிழையைத் தாராளமாகப் பாவித்துத் தடிப்பாகக் கட்டியதால் இப்படகுகளின் உடல் இன்றும் உறுதியாக இருப்பதைக் காணலாம். வயது காரணமாக விலையோ குறைவு. எனவே பாவித்த படகுச் சந்தையில் இவற்றுக்குத் தனிக் கவர்ச்சி உண்டு. தாய்லாந்தின் புக்கெட், மலேசியாவின் லங்காவி போன்ற இடங்களின் படகுத் துறைகளில் இவ்வகைப் பழைய படகுகள் கைமாறுகின்றன. அத்திசையிலிருந்து செங்கடலை நோக்கிச் செல்லும் சொகுசுப் படகுகளுக்கு எமது காலித் துறைமுகம் பழக்கமான தரிப்பிடமாகும்.

கீழே சொல்லப்படும் குறைகள் எந்தவொரு நிறுவனத்துக்கும் உரியவையல்ல; வயதுக்கு உரியவை. கண்ணாடியிழை உடல் ஐம்பது வருடங்கள் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் வடிகாலைச் சுற்றிப் பூசிய சீலன்டுக்கும், அதில் மாட்டிய றப்பர் ஹோஸுக்கும், அதை இறுக்கிய கிளிப்புக்கும் அந்த ஆயுள் கிடையாது.

வடிகால் எப்படி வேலை செய்கிறது?

படகின் மேல்தளத்தைச் சுற்றி ஓரச்சுவர் அல்லது உயர்ந்த விளிம்பு இருக்கும். ஆட்கள் கடலில் விழாமல் இருக்க அது உதவுகிறது. ஆனால் அதே சுவர் மழைத்தண்ணீரையும் அலைத்தண்ணீரையும் தளத்திலேயே தடுத்து நிறுத்திவிடும். அத்தண்ணீரை வெளியேற்ற, தளத்தின் தாழ்ந்த இடங்களில் துளையிட்டு வடிகால் பொருத்துவார்கள்.

ஒரு வடிகாலில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது, தளத்தின் மேல் படிந்திருக்கும் தட்டும் அதன் கீழே நீளும் சிறு குழாயும். இதை மேல்வாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது, அதில் மாட்டப்பட்டுக் கீழே இறங்கும் ஹோஸ். மூன்றாவது, அந்த ஹோஸ் படகின் பக்கச்சுவரைத் துளைத்து வெளியேறும் இடம். இது வெளிவாய். அநேகமாக இது கடல்நீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும். தளத்தின் அழுக்குத் தண்ணீர் பக்கச்சுவரில் வழிந்து கறையை ஏற்படுத்தாமல் இருக்கவே அவ்வளவு கீழே கொண்டு சென்று விடுகிறார்கள்.

தோற்றத்துக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதனால் வெளியே போக வேண்டிய தண்ணீர் முழுவதும் படகின் உள்ளே பயணம் செய்கிறது. அலுமாரிகளுக்குப் பின்னால், கட்டில்களுக்குக் கீழே, எஞ்சின் அறையில் எண்ணெய்த் தாங்கிகளுக்கு மேலே என, மனிதக் கை எட்டாத இடங்களின் வழியாக அந்த ஹோஸ் செல்கிறது. படகைக் கட்டும்போது முதலில் ஹோஸைப் பொருத்தி, பிறகு அலுமாரியைக் கட்டியிருப்பார்கள். முப்பது, நாற்பது வருடங்களாக அந்த ஹோஸை எவரும் கண்ணால் கண்டிராத படகுகள் ஏராளம்.

ஐந்து பலவீனங்கள்

வடிகால் பழுதாவதற்குப் பிரதானமாக ஐந்து வழிகள் உள்ளன.

1. மேல்வாயின் தட்டுக்கும் தளத்துக்கும் இடையிலுள்ள சீலன்ட் காய்ந்து பிளத்தல். வெயிலில் உலோகமும் கண்ணாடியிழையும் ஒரே அளவில் விரிவதில்லை. தளத்தின் மீது ஆள் நடக்கும்போதும் அது சிறிது வளைகிறது. இந்த அசைவை வருடக்கணக்காகத் தாங்கிய சீலன்ட் ஒரு நாள் விட்டுக்கொடுக்கிறது.

2. ஹோஸ் கிளிப் துருப்பிடித்து அறுதல். கிளிப்பின் வெளிப்பக்கம் பளபளப்பாக இருக்கும். ஹோஸை அழுத்திக்கொண்டிருக்கும் உட்பக்கம் அரித்துப் போயிருக்கும்.

3. ஹோஸ் வெடித்தல். எஞ்சின் அறையின் வெப்பத்தில் றப்பர் கடினமாகி, வளைவுகளில் வெடிப்பு விழுகிறது.

4. வெளிவாய் உடைதல். பிளாஸ்டிக்கினால் ஆன வெளிவாயின் தலை வெயிலில் உக்கி, தொட்டாலே உடையும் நிலைக்கு வந்துவிடும்.

5. அடைப்பு. இலை, முடி, மீன் செதில், குளவிக் கூடு என எதுவும் வடிகாலை அடைக்கலாம். அடைத்த வடிகாலைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நிற்கும்போது, ஓடும் தண்ணீர் கண்டுபிடிக்காத சிறு வெடிப்பையும் தேங்கிய தண்ணீர் கண்டுபிடித்துவிடும்.

நட்டத்தின் கணக்கு

'கொஞ்சம் ஒழுகுகிறது, பரவாயில்லை' என்று சொல்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. 40 அடிப் படகொன்றின் திறந்த தளப்பரப்பு 25 சதுர மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் அதில் விழும் தண்ணீர் 1,250 லீற்றர். கொழும்பில் வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அப்படியான இடத்தில் நிற்கும் படகின் வடிகால்கள் வருடமொன்றுக்கு 60,000 லீற்றர் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு மட்டும் உள்ளே ஒழுகினாலும் 600 லீற்றர். அதாவது மூன்று பீப்பாய் தண்ணீர் வருடா வருடம் படகின் உள்ளே ஊற்றப்படுகிறது.

இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதில்தான் நட்டம் இருக்கிறது. தளம் ஒரே தடித்த கண்ணாடியிழையால் ஆனதல்ல. மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, இரண்டுக்கும் நடுவே பல்சா மரம் அல்லது பிளைவுட் என்பதே வழக்கமான அமைப்பு. வடிகாலுக்காகத் துளையிட்ட இடத்தில் நடுமரத்தின் வெட்டுமுகத்தைக் காப்பிட்டு மூடாமல் விட்டிருந்தால், சீலன்ட் பிளந்த அன்றிலிருந்து மரம் தண்ணீரைக் குடிக்கத் தொடங்கும். மேலும் கீழும் தகடு மூடியிருப்பதால் அது காய வழியில்லை.

கடல்நீரை விட மழைத்தண்ணீர்தான் இங்கே பெரிய எதிரி என்பது குறிப்பிடத்தக்கது. உப்பு, மரத்தை உக்கச் செய்யும் பூஞ்சணத்தின் வளர்ச்சியைத் தடுக்கிறது. மழைத்தண்ணீரில் உப்பில்லாததால் பூஞ்சணம் தடையின்றி வளர்கிறது. ஆகவே கடலுக்குப் போகாமல் துறையில் சும்மா கட்டி வைத்திருக்கும் படகு, ஓடும் படகை விட வேகமாக உக்கலாம்.

இரண்டாவது நட்டம் எண்ணெய்த் தாங்கி. அக்காலப் படகுகள் பலவற்றில் தாங்கிகள் சாதாரண இரும்புத் தகட்டால் செய்யப்பட்டவை. மேலிருந்து சொட்டும் தண்ணீர் தாங்கியின் தட்டையான மேற்பரப்பில் தேங்கி, மேலிருந்து கீழாகத் துருவைத் துளைக்கிறது. தாங்கியை மாற்றுவதென்றால் பல படகுகளில் எஞ்சினைக் கழற்றித் தூக்க வேண்டும். அல்லது பக்கச்சுவரை வெட்டித் திறக்க வேண்டும். ஒரு ஹோஸ் கிளிப்பை மாற்றாமல் விட்டதற்கான தண்டம் இதுதான். மின் இணைப்புகள், பற்றரிகள், ஒல்டனேற்றர் ஆகியவற்றின் மீது தண்ணீர் சொட்டினால் ஏற்படும் செலவு வேறு.

தேடுவது எப்படி?

ஒழுக்கைத் தேடுபவர் முதலில் மனதில் பதிக்க வேண்டியது, தண்ணீர் சொட்டும் இடம் அது புகுந்த இடமல்ல என்பதாகும். முன்பக்கத்தில் புகும் தண்ணீர் தளத்தின் கீழ்ப்புறமாக, ஒரு கம்பியின் வழியாக, அல்லது சட்டத்தின் வழியாகப் பல அடி தூரம் ஓடி, பின்பக்கக் கட்டிலில் சொட்டலாம். கண்ட இடத்திலெல்லாம் சீலன்ட் பூசுபவர் பணத்தை மட்டுமல்ல, துப்புகளையும் சேர்த்து அழிக்கிறார்.

முதலில் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். மழையும் இல்லை, தளத்தைக் கழுவவும் இல்லை, ஆனாலும் ஈரம் வருகிறதா? அப்படியானால் வடிகாலை விட்டுவிட்டு நன்னீர்த் தாங்கியையும் குளிரூட்டியின் தண்ணீரையும் பாருங்கள். கடலில் ஓடும்போது மட்டும் வருகிறதா? வெளிவாய்ப் பக்கம் சந்தேகிக்கலாம். கடும் மழைக்குப் பிறகு மட்டும் வருகிறதா? அடைப்பும் மேல்வாயும் சந்தேகத்துக்குரியவை. கறையின் நிறமும் சாட்சி சொல்லும். வெள்ளைப் பொருக்கு உப்புத் தண்ணீரின் அடையாளம். தேயிலைச் சாயம் போன்ற பழுப்புத் தண்ணீர், அது ஈர மரத்தின் ஊடாக வந்திருக்கிறது என்பதன் அடையாளம். இது நல்ல செய்தியல்ல.

பிறகு அலுமாரிகளை வெறுமையாக்கி, ஹோஸ் போகும் வழி முழுவதையும் துடைத்து உலர வையுங்கள். சந்தேக இடங்களில் உலர்ந்த டிஷ்யூ கடதாசியை ஒட்டுங்கள். அல்லது சோக்குத் தூளைத் தூவுங்கள். ஒரு துளி பட்டாலும் தடம் தெரியும். கை எட்டாத இடங்களைப் பார்க்க, கைத்தொலைபேசியோடு இணைக்கும் சிறு குழாய்க் கமராக்கள் இன்று மலிவாகக் கிடைக்கின்றன.

இனிமேல்தான் உண்மையான சோதனை. கீழிருந்து மேலாகச் செல்ல வேண்டும் என்பதே இதன் இரகசியம்.

முதற்படி: வெளிவாயைப் படகின் வெளியிலிருந்து மர முளையால் அல்லது றப்பர் மூடியால் இறுக அடையுங்கள். மேல்வாய்க்குள் புனல் ஒன்றை வைத்து, உணவுக்குப் பாவிக்கும் நிறச்சாயம் சிறிது கலந்த தண்ணீரை ஊற்றுங்கள். தளத்தையோ தட்டின் ஓரத்தையோ அது நனைக்கக் கூடாது. தண்ணீர் மேல்வாய்க் குழாயின் உள்ளே, தளமட்டத்துக்குச் சற்றுக் கீழே வந்ததும் நிறுத்தி, மட்டத்தைக் குறித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் காத்திருங்கள். மட்டம் இறங்கினால், வெளியே முளை கசியவில்லை என்பதை உறுதிசெய்த பின், குற்றவாளி ஹோஸ், கிளிப், வெளிவாய் ஆகிய மூன்றில் ஒன்று. உள்ளே ரோச் லைட்டுடன் நிற்கும் ஒருவர் சாயத்தைக் கண்டு சரியான இடத்தைச் சொல்லிவிடுவார்.

இரண்டாம்படி: மட்டம் இறங்கவில்லையெனில் ஹோஸ் நல்லது. இப்போது பிள்ளைகள் விளையாடும் களிமண்ணால் மேல்வாயைச் சுற்றித் தளத்தில் சிறு அணை கட்டி, தட்டு மூழ்கும்வரை தண்ணீரை நிரப்புங்கள். இப்போது உள்ளே சாயம் தென்பட்டால் குற்றவாளி தட்டின் கீழுள்ள சீலன்ட். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

மூன்றாம்படி: அப்போதும் ஒழுகவில்லையெனில் அந்த வடிகால் நிரபராதி. அதைக் கழற்ற வேண்டாம். அடுத்த வடிகாலுக்கு வேறு நிறச் சாயத்துடன் செல்லுங்கள். எல்லா வடிகால்களும் தேறிவிட்டால், மற்ற இடங்களில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துச் சோதிக்க வேண்டும். தளத்தின் தாழ்ந்த பகுதியில் தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் பதினைந்து இருபது நிமிடம் மெதுவாகத் தண்ணீர் விட்டு, மேல்நோக்கி நகர வேண்டும். கைப்பிடித் தூண்களின் அடி, கயிறு கட்டும் கட்டைகள், எண்ணெய் நிரப்பும் வாய், யன்னல் சட்டங்கள், தேக்குப் பலகைகளைப் பிடித்திருக்கும் திருகாணிகள் ஆகியவை அடுத்த சந்தேக நபர்கள். தேக்குத் தளம் ஒன்றில் நூற்றுக்கணக்கான திருகாணிகள் மேல்தகட்டைத் துளைத்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மேலிருந்து தொடங்கினால் என்ன? மேலே ஊற்றும் தண்ணீர் கீழே உள்ள எல்லாவற்றையும் நனைத்துவிடும். எது ஒழுகியது என்று எவராலும் சொல்ல முடியாது. ஒரு நாள் வேலை வீண்.

வசதியுள்ள தொழிற்றளங்கள் இன்னொரு முறையையும் பாவிக்கின்றன. யன்னல், கதவு, துவாரங்களை மூடி, காற்றூதி ஒன்றால் படகின் உள்ளே மிகச் சிறிதளவு காற்றழுத்தத்தை ஏற்படுத்தி, வெளியே சவர்க்காரத் தண்ணீரைத் தெளிப்பார்கள். துவாரம் உள்ள இடத்தில் குமிழி எழும். சைக்கிள் ரியூப்பில் ஒட்டுப்போடுபவர் செய்வதும் இதைத்தான். அழுத்தத்தைக் கூட்டினால் யன்னல் கண்ணாடிக்குச் சேதம் வரலாம் என்பதால் இதை அனுபவசாலிகளிடம் விடுவதே நல்லது.

திருத்துவது எப்படி?

தட்டின் ஓரத்தில் சிலிக்கனைப் பூசிவிட்டு 'வேலை முடிந்தது' என்று கூலி வாங்கிச் செல்பவரை நம்ப வேண்டாம். மேலே பூசிய சிலிக்கன் சில மாதங்களில் உரிந்துவிடும். வேறு வழியாகப் புகுந்த தண்ணீர் வெளியேறவும் அது விடாது. அத்துடன் சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு வேறு சீலன்டோ வர்ணமோ சரியாக ஒட்டாது.

சரியான முறை, மேல்வாயை முழுமையாகக் கழற்றுவதுதான். கழற்றியதும் துளையின் ஓரத்தில் தெரியும் நடுமரத்தைக் கூரிய ஊசியால் குத்திப் பாருங்கள். உறுதியாகவும் உலர்வாகவும் இருந்தால் அதிர்ஷ்டம். ஈரமாக இருந்தால் மின்விசிறியும் சூடான விளக்கும் வைத்துப் பல நாட்கள் உலர்த்த வேண்டும். உக்கியிருந்தால் நல்ல மரம் வரும்வரை சுரண்டி எடுக்க வேண்டும்.

அடுத்து, மேல் கீழ்த் தகடுகளைத் தொடாமல், நடுமரத்தை மட்டும் துளையைச் சுற்றி அரை அங்குலம் அளவுக்குக் குடைந்து எடுத்து, அவ்விடத்தைத் தூள் கலந்து கெட்டியாக்கிய எபொக்சியால் நிரப்ப வேண்டும். அது இறுகிய பின் மீண்டும் துளையிட வேண்டும். இப்போது துளையைச் சுற்றி மரம் இல்லை. கல் போன்ற எபொக்சி வளையம் இருக்கிறது. பத்து வருடம் கழித்து சீலன்ட் மீண்டும் பிளந்தாலும் தண்ணீர் மரத்தைத் தொட முடியாது. முழுத் திருத்தத்திலும் மிகப் பெறுமதியான வேலை இதுதான். ஆனால் வெளியே தெரியாத வேலை என்பதால் பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

பொருத்தும்போது பொலியூரித்தேன் அல்லது பொலிசல்பைட் வகைக் கடல்பாவனை சீலன்டைப் பாவிக்கலாம். பொலிசல்பைட் சில வகைப் பிளாஸ்டிக்குகளைப் பாதிக்கும். எனவே மேல்வாய் பிளாஸ்டிக்கானால் டியூப்பில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு வாங்குங்கள். ஒட்டினால் பிரிக்கவே முடியாத மிகக் கடும் பொலியூரித்தேன் வகைகளும் உண்டு. என்றோ ஒரு நாள் கழற்ற வேண்டிய வடிகாலுக்கு அவை தேவையில்லை. தட்டை அழுத்தும்போது நாலாபுறமும் சீலன்ட் பிதுங்கி வர வேண்டும். பிதுங்காத இடம் ஒழுகப்போகும் இடம். அளவுக்கு மீறி இறுக்கினால் சீலன்ட் முழுவதும் வெளியேறி, இடையில் எதுவும் மிஞ்சாது.

ஹோஸை மாற்றுவதாயின் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயை மாட்டாதீர்கள். உள்ளே நார் அல்லது கம்பி வலுவூட்டப்பட்ட, கடல்பாவனைக்கான ஹோஸ் தேவை. அது மேலிருந்து கீழாக ஒரே சரிவில் இறங்க வேண்டும். இடையில் தொய்வு இருந்தால் அங்கே தண்ணீரும் சேறும் தேங்கும். இரு முனைகளிலும் குழாயின் நீளம் இடம்கொடுத்தால் இரண்டிரண்டு கிளிப்களைப் பூட்டுங்கள். மலிவான கிளிப்களில் பட்டி துருப்பிடிக்காத உருக்காக இருந்தாலும் திருகாணி தரம் குறைந்ததாக இருக்கும். கடையிலேயே காந்தம் ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். திருகாணி வலுவாக ஒட்டிக்கொண்டால் அந்தக் கிளிப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் அதே சாயத்தண்ணீர்ச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். சோதித்துக் காட்டாத திருத்தத்துக்கு முழுக் கூலியையும் கொடுக்க வேண்டியதில்லை.

வெளிவாய்: உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம்

மேல்வாய் ஒழுகினால் பணம் போகும். வெளிவாய் உடைந்தால் படகே போகலாம். அது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருப்பதால் ஆபத்தில்லை என்று தோன்றும். ஆனால் பழைய படகொன்றைச் சுற்றுலாவுக்காக மாற்றுபவர்கள் ஆசனங்கள், மேலதிகத் தண்ணீர்த் தாங்கி, பெரிய பற்றரிகள், இருபது முப்பது பயணிகள் எனப் பாரத்தைக் கூட்டுகிறார்கள். படகு சில அங்குலம் தாழ்கிறது. மேலே இருந்த வெளிவாய் இப்போது நீருக்குள். அதன் பின்னால் உள்ள ஹோஸ் கழன்றிருந்தால் கடல்நீர் நேராக உள்ளே வரும்.

அமெரிக்கப் படகுக் காப்புறுதித் துறையினர் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டி வரும் விடயம் ஒன்றுண்டு. ஓடும்போது மூழ்கும் படகுகளை விட, துறையில் கட்டி வைத்த இடத்திலேயே மூழ்கும் படகுகள்தான் அதிகம். இரவில் எவரும் இல்லாதபோது தண்ணீர் புகும், பில்ஜ் பம்ப் பற்றரி தீரும்வரை ஓடும், பின்னர் நின்றுவிடும். ஆகவே நீர்மட்டத்தை அண்மித்த பிளாஸ்டிக் வெளிவாய்களை வெண்கலத்தாலோ வலுவூட்டிய நைலோனாலோ ஆனவற்றால் மாற்றுவது, பயணிகளை ஏற்றும் எவரும் தள்ளிப்போடக் கூடாத செலவாகும்.

வாங்குபவரும் விற்பவரும்

படகொன்றைப் பார்க்கச் செல்வதானால் மழை பெய்த மறுநாள் செல்லுங்கள். அலுமாரிகளை வெறுமையாக்கித் தரும்படி கேளுங்கள். ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, அது உடனே வெளியேறுகிறதா என்று பாருங்கள். வடிகாலைச் சுற்றியுள்ள தளத்தைப் பிளாஸ்டிக் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல இடம் கணீரென ஒலிக்கும். உக்கிய இடம் மந்தமாக ஒலிக்கும். வடிகாலைச் சுற்றிப் புதிதாகப் பூசிய வெள்ளைச் சிலிக்கனைக் கண்டால், அதைப் பராமரிப்பு என்று எண்ணாமல், கேள்வி கேட்க வேண்டிய இடம் என்று எண்ணுங்கள்.

இறுதி விலை பேசுமுன் படகுகளை மதிப்பிடும் சேவேயர் ஒருவரை அமர்த்துவது அவசியம். அவர் விற்பவர் சிபாரிசு செய்பவராக அல்லாமல் நீங்கள் தெரிவு செய்தவராக இருக்கட்டும். ஈரமானியால் தளத்தை அளந்து அறிக்கை தரும்படி கேளுங்கள். துளையைச் சுற்றி ஒரு சாண் அளவு ஈரம் என்றால் விலையில் குறைத்துக்கொண்டு திருத்தலாம். தளம் நீளத்துக்கு ஈரம் என்றால் அது படகல்ல, பல மாத வேலை. அதற்கேற்ப விலை பேச வேண்டும், அல்லது எழுந்து வந்துவிட வேண்டும்.

'காப்புறுதி இருக்கிறதே' என்று ஆறுதல் அடைபவர்களும் உண்டு. பல நாடுகளின் கடல் காப்புறுதி ஒப்பந்தங்களுக்கு அடிப்படையாக அமைந்த 1906ஆம் ஆண்டின் ஆங்கிலக் கடல் காப்புறுதிச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, சாதாரண தேய்மானத்துக்கும் பொருளின் உள்ளார்ந்த குறைக்கும் காப்புறுதியாளர் பொறுப்பல்ல என்று கூறுகிறது. வருடக்கணக்காக ஒழுகி உக்கிய தளம் இதற்குள்தான் அடங்கும். ஒப்பந்தத்தின் விதிவிலக்குகளை வாசித்த பின்னரே கையொப்பமிடுங்கள்.

விற்பவருக்கும் இதில் இலாபம் உண்டு. வடிகால்களை முறையாகத் திருத்தி, ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்து, பற்றுச்சீட்டுகளுடன் கோவையில் வைத்திருப்பவர் விலை பேசும்போது பதிலுக்குத் தடுமாற மாட்டார். குறையைத் தானே எடுத்துச் சொல்லும் விற்பனையாளருக்கு வாங்குபவர் மற்ற விடயங்களிலும் நம்பிக்கை வைப்பார்.

தொழில் வாய்ப்பு

எமது கரையோர ஊர்களில் கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டவும் திருத்தவும் தெரிந்த கைதேர்ந்த பாஸ்மார் இருக்கிறார்கள். பலநாள் மீன்பிடிப் படகிலும் துளை துளைதான், தண்ணீர் தண்ணீர்தான். அவர்களுக்கு எபொக்சி வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. குறைவாக இருப்பது, திருத்துவதற்கு முன் முறையாகத் தேடி, எழுத்தில் அறிக்கை கொடுக்கும் பழக்கம்தான். தேடுவதற்குத் தனிக் கட்டணம் கேட்கத் தயங்குகிறார்கள்; வாடிக்கையாளரும் கொடுக்கத் தயங்குகிறார். ஆனால் வைத்தியர் நோயைக் கண்டுபிடிப்பதற்கும் பணம் வாங்குகிறார், நாமும் கொடுக்கிறோம். சாயத்தண்ணீர், களிமண், ரோச் லைட், ஈரமானி, எழுதிக் கொடுக்கும் ஒரு தாள் என்பன போதும், இச்சேவையைத் தொடங்க. வெளிநாட்டுப் படகுகள் தரிக்கும் துறைகளிலும், சுற்றுலாப் படகுகள் ஓடும் மிரிஸ்ஸ, திருகோணமலை போன்ற இடங்களிலும் இதற்குத் தேவை இருக்கும்.

படகை ஏற்கெனவே வைத்திருப்பவர் மாதம் ஒரு முறை வடிகால்களின் குப்பையை அகற்றி, ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பார்க்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரோச் லைட்டுடன் உள்ளே இறங்கி ஒவ்வொரு கிளிப்பையும் கையால் தொட்டுப் பார்க்கட்டும். மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு வடிகாலுக்கும் ஒரு தடவை சாயத்தண்ணீர்ச் சோதனையைச் செய்யட்டும். ஆறு வடிகால்கள் உள்ள படகுக்கு இது ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளை ஒதுக்காதவர், பின்னர் எண்ணெய்த் தாங்கியை வெளியே எடுக்க எஞ்சினைத் தூக்கும்போது அதற்குப் பல வாரங்களை ஒதுக்க வேண்டி வரும்.